வலது கால் ஷூ பற்றிய தீர்மானம்

மாடம்மாளின் பாதம் பத்தாம் நம்பர். பெண்களுக்குச் செருப்பு செய்கிறவர்கள் எட்டோடு கையைக் கழுவிவிடுவதால், கல்யாணம் ஆன நாள் முதல் அவள் ஆண்கள் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தாள். அதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வரவில்லை. ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக் கடை ஒன்றில் காம்பு கிள்ளிச் சாக்கில் கட்டுகிற வேலை, பதினொரு வருஷமாக. மிளகாய் யாருடைய காலையும் பார்ப்பதில்லை, நெஞ்சைத்தான் பார்க்கும். போன மழையில் பிடித்த இருமல் அவளை விடவே இல்லை. இன்னும் ஆறு மாதம் அந்தத் தூசியில் உட்கார்ந்தால் தன்னிடம் வர வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் செக்யூரிட்டி வேலை வந்தது. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பெரிய துணிக்கடையில் பெண்கள் வாசலில் நிற்க வேண்டும், பகல் டூட்டி. செக்யூரிட்டி கம்பெனி சூப்பர்வைசர் விஜின் போனில் மலையாளம் கலந்த தமிழில் விவரம் சொன்னான்.

"சேச்சி, சட்டை, பேன்ட், தொப்பி எல்லாம் நாங்க தரும். ஷூ மாத்ரம் சொந்தம். கறுப்பு, மூடின ஷூ. திங்கள் காலைல ஒன்பது மணி. ஷூ இல்லாம வந்தா நிக்க வைக்க மாட்டேன், கேட்டோ. அடுத்த ஆள் லைன்ல இருக்கு."

பத்தாம் நம்பர் கறுப்பு ஷூவுக்காகச் சாலைக் கடைத்தெருவை மாடம்மாள் இரண்டு தடவை சுற்றி வந்தாள். ஷூ இருந்தது. விலையைக் கேட்டதும் காலே சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் பிளஸ் ஒன் படிக்கிற மகள் மீனு ஒரு விஷயம் சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு சர்ச் நடத்துகிற பழைய சாமான் கடை இருக்கிறதாம். பெயர் ஸ்நேகப் பெட்டகம். கண்ணாடி அலமாரியில் ஒரு கறுப்பு ஷூ நான்கு மாதமாக உட்கார்ந்திருக்கிறதாம், படகு மாதிரி.

புதன்கிழமை காலை மாடம்மாள் போனாள். ஷூ இருந்தது. பத்தாம் நம்பர். அதன் கழுத்தில் 'ரூ. 120' என்று சீட்டுத் தொங்கியது. காலை நுழைத்துப் பார்த்தாள். அவளுடைய நாற்பத்து மூன்று வயதில் ஒரு ஷூ அவள் காலை இப்படி 'வா' என்று வாங்கிக்கொண்டதில்லை. நூற்றிருபது ரூபாயை எடுத்து அங்கே இருந்த ஷிஜா என்ற பெண்ணிடம் நீட்டினாள்.

ஷிஜா பணத்தைப் பார்த்தாள். பிறகு மாடம்மாளைப் பார்த்தாள். "இதென்னா சேச்சி?"

"காசு."

"அய்யோ, இங்க அப்படி எல்லாம் வாங்கான் பற்றில்ல, முடியாது. சாரைப் பாருங்க."

சார் என்பது க்ளீட்டஸ் சார். தலைமைச் செயலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் ஃபைல்களை மேலே அனுப்பிக் கீழே வாங்கி, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீடுகளில் சும்மா கிடக்கிற சாமான்களைச் சேகரித்து இல்லாதவர்களுக்குச் சொற்ப விலையில் கொடுக்கலாமே என்று அந்தச் சர்ச்சில் முன்பு இருந்த அச்சன், அதாவது பாதிரியார், ஒரு அறையைத் திறந்துவிட்டார். பாவம், அவர் திறந்தது கதவை மட்டும்தான். அவர் மாற்றலாகிப் போனதும் க்ளீட்டஸ் சார் செயலாளராக வந்து, அந்த ஓர் அறையில் நான்கு செக்‌ஷன், மூன்று உபகமிட்டி, இருபத்தாறு ரெஜிஸ்டர், பைலா என்று ஒரு விதிப் புத்தகம் ஆகியவற்றை நிறுவினார். இடம் போதாமல் சாமான்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

தமிழர்களிடம் தமிழில் பேசுவது என்று மலையாளியான அவர் ஒரு கொள்கை வைத்திருந்தார். "உட்காரச் சொல்ல இயலாது, நாற்காலி டோனர்ஸுக்கு உள்ளது" என்று தொடங்கினார். "காரியம் சொல்றேன், கவனமாக் கேளுங்க. சும்மா குடுத்தா அது பிச்சை. பிச்சை வாங்கினா உங்க கண்ணியம் போகும். அதுக்குத்தான் விலை போட்டிருக்கு. ஆனா காசு தர்ற ஆளுக்கெல்லாம் குடுத்தா அது வியாபாரம். வியாபாரத்துக்கு நமக்கு லைசன்ஸ் இல்லா. அப்போ என்னா? நீங்க பாவப்பட்ட ஆளுன்னு நிரூபிக்கணும். கூடவே கண்ணியம் உள்ள ஆளுன்னும் நிரூபிக்கணும். ரெண்டுக்கும் வேற வேற ஃபாரம்."

"சாரே, திங்கக்கிழம வேலைக்குச் சேரணும். ஷூ இல்லன்னா வேல இல்ல. காசு இந்தா இருக்கு."

"காசு இருக்குன்னு சத்தமாச் சொல்லாதீங்க. முதல் ஃபாரத்துக்கு அது கேடு."

வழக்கமாக இதற்கெல்லாம் ஆறு வாரம் ஆகும். ஆனால் மாடம்மாளுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. வருகிற ஞாயிறு பெட்டகத்தின் முதலாம் ஆண்டு விழா. நூறு பயனாளிகள் என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, ஆனால் ரெஜிஸ்டரில் தொண்ணூற்றொன்பது பேர்தான் தேறியிருந்தார்கள். க்ளீட்டஸ் சார் அவளை மேலும் கீழும் பார்த்து, "அவசர இனம்" என்று ஃபைலின் மேல் எழுதினார்.

ஷிஜா ஃபாரங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பட்டுப்புடவை அம்மாள் ஒருத்தி ஒரு பை நிறையப் பழைய ஜன்னல் திரைச்சீலைகளைக் கொண்டுவந்து, வாசல் பக்கத்தில் பச்சைத் துணி விரித்த மேசையில் வைத்தாள். மேசைக்கு மேலே பலகை: 'இங்கே வைக்கப்படும் ஒவ்வொன்றும் ஸ்நேகத்தின் காணிக்கை.' க்ளீட்டஸ் சார் ஓடிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எலுமிச்சை ஜூஸ் வந்தது. ஷிஜா பறந்து போய்ச் சீட்டுக் கட்டத் தொடங்கினாள். கட்டுகிற வேகத்தில் அந்த அம்மாள் மேசை ஓரம் வைத்த குடைக்கும் நாற்பது ரூபாய் என்று சீட்டு விழுந்துவிட்டது. அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்தாள். "சாரமில்ல, அதும் இருந்தோட்டே." பரவாயில்லையாம், அதுவும் இருக்கட்டுமாம்.

"பைலா படி டோனருக்கு ஒரு நினைவுப் பரிசு உண்டு மேடம்" என்றார் க்ளீட்டஸ் சார். "இங்க இருக்கிறதுல எது பிடிக்குதோ அதை எடுத்துக்கலாம்."

அம்மாள் ஒரு பீங்கான் பூச்சாடியைக் கைகாட்டினாள். காகிதத்தில் சுற்றிக் காரில் கொண்டுபோய் வைத்தார்கள். ஃபாரம் இல்லை, கமிட்டி இல்லை.

மாடம்மாளால் வாயை அடக்க முடியவில்லை. "அவுகளுக்கு ஒண்ணும் கேக்கலியே சாரே?"

க்ளீட்டஸ் சார் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "கொடுக்கறவங்ககிட்ட நாம கேள்வி கேட்கக் கூடாது, கேட்டோ. கேள்வி எல்லாம் வாங்கறவங்களுக்கு."

கண்ணியப் படிவத்தில் நாற்பது கேள்விகள் இருந்தன. 'கடைசியாக எப்போது உங்கள் கண்ணியம் குறைந்ததாக உணர்ந்தீர்கள்?' என்பது பதினேழாவது. ஷிஜா அதைப் படித்துக் காட்டிவிட்டுப் பேனாவோடு காத்திருந்தாள்.

"இப்பந்தான்" என்றாள் மாடம்மாள்.

ஷிஜா அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தேவை நிர்ணய உபகமிட்டி அவளுடைய ஒற்றை அறை வாடகை வீட்டுக்கு நேரில் வந்தது. க்ளீட்டஸ் சாரும் இன்னும் இரண்டு பேரும். மூன்று பெரிய மனிதர்கள் வருகிறார்களே, தரையிலா உட்காரச் சொல்வது என்று மாடம்மாள் அக்கம்பக்கத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். டீ போட்டாள். ஊரிலிருந்து வந்த முறுக்கைத் தட்டில் வைத்தாள். மூவரும் டீயைக் குடித்தார்கள், முறுக்கைக் கடைசித் துண்டுவரை தின்றார்கள். பிறகு க்ளீட்டஸ் சார் குறிப்பெழுதினார்: 'நாற்காலிகள் நான்கு. விருந்தோம்பல் மிகத் திருப்தி. ஆகவே வறுமை சந்தேகத்துக்குரியது.'

"அந்த நாக்காலி எதுத்த வீட்டுது சாரே!"

"இரவல் கிடைக்குதுன்னா சமூகத்துல செல்வாக்கு இருக்குன்னு அர்த்தம். அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு" என்று அதையும் நிரப்பினார்.

அவர்கள் போன பிறகு மாடம்மாள் வெகுநேரம் இருமினாள். அழுகை வரும்போலிருந்தது. அழுவதற்கு இது என்ன பெரிய விஷயம், ஒரு பழைய ஷூ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மிளகாய்க் கடையில் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டதையும், அவளுடைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டதையும் மீனுவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. சனிக்கிழமை ஷிஜா போன் செய்தாள்.

"சேச்சி, பாஸாயி! நாளைக்கு நாலு மணிக்கு இங்க முற்றத்துல, மேடையில வெச்சுத் தரும். பழைய புடவை உடுத்து வரணும். அடிபொளிப் புடவை ஒண்ணும் வேண்டா. ஷூ கையில வாங்கும்போ கண்ணு நிறையணும், ஃபோட்டோ உண்டு. டோனர்ஸ் சிரிக்கணும், வாங்கறவங்க கரையணும், அதாணு ரீதி."

மீனு நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். "அம்மா, வரவேற்பு, தலைமை, உத்காடனம், வாழ்த்து, நன்றின்னு பதினாலு பேரு பேசுதாங்க. ஒம் பேரக் காணும். கடைசில 'ஷூ வழங்கல்'னு மட்டும் இருக்கு."

"ஷூ இருக்குல்லா, அது போதும்" என்றாள் மாடம்மாள்.

நோட்டீஸில் இல்லாத ஒரு சங்கதி கமிட்டியின் மினிட்ஸில் இருந்தது. ஷூவை யார் கையால் கொடுப்பது என்று வெள்ளிக்கிழமை இரண்டரை மணி நேரம் விவாதம் நடந்திருக்கிறது. வார்டு கவுன்சிலரா, அல்லது ஷூவைத் தானம் செய்த பஞ்சாபகேசனா? பஞ்சாபகேசன் கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் இருக்கிற ரிட்டயர்ட் பாங்க் மானேஜர். வெளிநாட்டில் மகனைப் பார்க்கப் போனபோது வாங்கிய ஷூ, கடிக்கிறது என்று கொடுத்துவிட்டார். இருவரில் ஒருவரை அழைத்து இன்னொருவரை விட்டால் மனஸ்தாபம். கடைசியில் க்ளீட்டஸ் சார்தான் வழி கண்டுபிடித்தார். தீர்மானம் எண் ஏழு: இடது கால் ஷூவைக் கவுன்சிலரும், வலது கால் ஷூவைப் பஞ்சாபகேசனும் வழங்குவார்கள். கைதட்டி ஏகமனதாக நிறைவேற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாடம்மாள் போய்ச் சேர்ந்தாள். வாசலிலேயே ஷிஜா நூற்றிருபது ரூபாயை வாங்கி ரசீது எழுதிவிட்டு, காலைப் பார்த்து மறித்தாள். "அய்யோ, காலில் செருப்பு! செருப்பு உள்ள ஆளுக்கு ஷூ குடுத்தா ஃபோட்டோவுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. கழற்றுங்க." அவளே குனிந்து வாங்கி, கைக்கு எட்டின பச்சைத் துணி மேசையில் வைத்துவிட்டு மைக் டெஸ்ட் பண்ண ஓடினாள்.

பஞ்சாபகேசன் நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கவுன்சிலர் வரவில்லை. வராதவருக்காகக் குத்துவிளக்கு ஏற்றாமல் இருந்தது. விளக்கு ஏற்றாததால் விழா தொடங்காமல் இருந்தது. விழா தொடங்காத நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று க்ளீட்டஸ் சார் பேசத் தொடங்கினார்.

"இந்த ஒரு வருஷத்துல நாம நாற்பத்திரண்டு மீட்டிங் நடத்தினோம். இன்றைய ஷூவோட சேர்த்து நூறு பேருக்கு உதவி. அதாவது, ஒரு மீட்டிங்குக்கு ரெண்டேகால் ஏழைக்கு மேல! இது சாதாரண காரியம் அல்ல. முதல் மாசம் இந்த வாசல்ல முன்னூறு பேர் வந்து நின்னாங்க. நாம ஃபாரம் கொண்டுவந்தோம், அறுபதாச்சு. வீட்டு விசாரணை கொண்டுவந்தோம், பதினஞ்சாச்சு. கண்ணியப் படிவம் கொண்டுவந்தோம், போன மாசம் நாலே பேர்! இந்த நகரத்துல வறுமை எத்தனை வேகமா ஒழியுதுன்னு நீங்களே பாருங்க."

கூட்டம் கைதட்டியது. மேடை ஓரத்தில் வெறுங்காலோடு நின்ற மாடம்மாளும் ஷிஜா கண் காட்டியதால் தட்டினாள்.

ஐந்தரை ஆனது. ஏழு பேர் வாழ்த்தி முடித்திருந்தார்கள். பஞ்சாபகேசன் எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். "என்ன சார் இது? ஒரு ஷூவைக் குடுக்கறதுக்கு இத்தனை நாழியா? அந்த அம்மா நின்னுண்டே இருக்கா பாருங்கோ. கொண்டாங்கோ, ரெண்டையும் குடுத்துட்டுப் போறேன். நேக்குத் தீபாராதனைக்கு நேரமாச்சு."

க்ளீட்டஸ் சார் பதறிப் போனார். "சார், இடது கால் முதல்ல. அது கவுன்சிலருக்கு உள்ளது. வலது கால் முதல்ல போனா தீர்மானம் தெற்றும், தப்பாகும்."

"அப்போ நீங்களே குடுத்துக்கோங்கோ. நாளைக்குக் கார்த்தால நான் பெங்களூர் போறேன், வர ஒரு மாசம் ஆகும்." போகிற போக்கில் மாடம்மாளிடம், "மன்னிச்சுக்கோ அம்மா, தெரிஞ்சிருந்தா உங்காத்துக்கே கொண்டுவந்து குடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்த ஒரு வாரத்தில் அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஷிஜா கேட்டபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. கேமரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறேகாலுக்குக் கவுன்சிலர் வந்தார், விளக்கேற்றினார், இடது கால் ஷூவைக் கொடுத்தார், வேறொரு விழாவுக்குப் போனார். எல்லாம் ஆறு நிமிஷம். க்ளீட்டஸ் சார் மைக்கைப் பிடித்தார். "வலது கால் ஷூ, பஞ்சாபகேசன் சாரோட சௌகரியம் போல, அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு நடக்கிற சிறப்புக் கூட்டத்துல வழங்கப்படும்." தேசிய கீதம் பாடிக் கூட்டம் முடிந்தது.

மாடம்மாள் ஒற்றை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைத் துரத்திப் பிடித்தாள். "சாரே, நாளைக்கு ஒம்பது மணிக்கு டூட்டி. ஒத்த ஷூவ வச்சு நா என்ன செய்ய? அந்தா அலமாரில தான இருக்கு அது? எடுத்துத் தந்தா என்ன?"

"மினிட்ஸ்ல ஏறினதை எனக்கு மாற்ற அதிகாரம் இல்லா" என்றார் க்ளீட்டஸ் சார் உண்மையான வருத்தத்தோடு. "பின்னே, இடது காலை நாம ஒரு தாமதமும் இல்லாம குடுத்தாச்சு அல்லே? அதை நினைச்சுப் பாருங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஷூவாலேயே ஒன்று வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள். மேசையில் செருப்பு இல்லை. உள்ளே கண்ணாடி அலமாரியில், வலது கால் ஷூவுக்குப் பக்கத்தில், துடைத்து வைக்கப்பட்டு, கழுத்தில் 'ரூ. 30' என்ற சீட்டோடு இருந்தது.

"ஏ பிள்ள, அது என் செருப்புல்லா!"

ஷிஜா நாக்கைக் கடித்தாள். "அய்யோ சேச்சி, வாலன்டியர் பசங்க இது யாருடேன்னு கேட்டாங்க, நான் உங்க பேர் சொன்னேன், சீட்டுக் கட்டியிருக்கும். மேசையில வெச்சதெல்லாம் ரெஜிஸ்டர்ல ஏறிடும். இனி வேணும்னா ஃபாரம் கொடுக்கணும்…" சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது.

அந்தச் சமயத்தில் மாடம்மாளுக்குள் ஏதோ ஒன்று இருமலை மறந்து நிமிர்ந்தது. "ரெஜிஸ்டர்ல என்ன எழுதிருக்கு? வாசி."

ஷிஜா வாசித்தாள். "ஆண்கள் செருப்பு, ஒரு ஜோடி. டோனர்…" தயங்கினாள். "டோனர், மாடம்மாள், ஆரியசாலை."

"அப்ப நா குடுத்தவளா, வாங்கினவளா?"

க்ளீட்டஸ் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெஜிஸ்டரைப் பார்த்தார். தேதி இருந்தது, வரிசை எண் இருந்தது, இனிஷியல் இருந்தது. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் அவர் மனிதர்களை நம்பாமல் இருந்ததுண்டு, ரெஜிஸ்டரை நம்பாமல் இருந்ததே இல்லை. "குடுத்த ஆள்" என்றார் மெதுவாக.

மாடம்மாள் போய் டோனர் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை நன்றாக நீட்டிக்கொண்டாள். "ஜூஸு உண்டும்லா?"

எலுமிச்சை ஜூஸ் வந்தது. அவசரமில்லாமல் குடித்தாள். பிறகு அலமாரியைக் கைகாட்டினாள். "நினைவுப் பரிசு. அந்த வலது கால் ஷூவ எடுங்க."

"அது… தீர்மானம் எண் ஏழு…"

"குடுக்கறவகிட்ட கேள்வி கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சாரே சொன்னீய?"

க்ளீட்டஸ் சாரின் முகத்தில் இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஒரு நிமிஷம் அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சட்டென்று முகம் தெளிந்தது. "நினைவுப் பரிசு பைலாவுல உள்ளது. தீர்மானத்தை விட பைலா மேல!" என்றார், ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக ஒரு ஃபைலை நின்ற இடத்திலேயே முடித்த சந்தோஷத்தோடு. தன் கையாலேயே ஷூவை எடுத்து, காகிதத்தில் சுற்றி, குனிந்து கொடுத்தார்.

மாடம்மாள் காகிதத்தைப் பிரித்தாள். வலது காலை நுழைத்தாள், இடது காலை நுழைத்தாள், கயிற்றை இழுத்துக் கட்டினாள். எழுந்து நின்று தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். நாளைக்கு ஒன்பது மணிக்கு விஜின் முதலில் பார்க்கப் போவது இதைத்தான்.

ஷிஜா கேமராவைத் தூக்கினாள். "சேச்சி, டோனர் ஃபோட்டோ. ஒண்ணு சிரிக்கணும்…"

சொல்வதற்கு முன்பே மாடம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலைத் தாண்டும்போது திரும்பி, அலமாரியில் இருந்த தன் பழைய செருப்பைக் காட்டினாள்.

"அதையும் பாத்துக் குடுங்க சாரே. கேக்க வேண்டியத எல்லாம் கேட்டு, நல்ல கண்ணியமான ஆளாப் பாத்து."

க்ளீட்டஸ் சார் தலையை ஆட்டி, அதைக் குறித்துக்கொண்டார்.